ஒரே கமக்காரர் இரண்டு பேராகத் தெரிந்தால்: ஒப்ஜெக்ட் ஒப்பீட்டுப் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்த்தல்

"தம்பி, உன்ர கொம்பியூட்டர் என்னை ரெண்டு ஆளாக்கிப் போட்டுது."

காலபோக அறுவடை முடிந்து நெல் வந்து குவிகிற நேரம். களஞ்சிய வாசலில் உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஐயா ஒருவர் இரண்டு துண்டுகளை நீட்டினார். இரண்டிலும் அவருடைய பெயர், அவருடைய ஊர். ஒன்றில் பாதி மூடை, மற்றதில் மீதி. கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கமக்காரர் அமைப்புக்காக நான் எழுதிக் கொடுத்த பைத்தன் செய்நிரல் அது. பிழை முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து ஒப்பீட்டுப் பிழைகளை ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். பிறகு என்னிடம் படிக்க வந்த பிள்ளைகளும் தங்கள் பங்குக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கீழே இருப்பது அந்தக் கொப்பிதான், கொஞ்சம் துப்புரவாக்கி.

எல்லாம் பைத்தன் 3ஐ வைத்துச் சொல்கிறேன். கிளாஸ் என்பது அச்சு, ஒப்ஜெக்ட் அந்த அச்சில் வார்த்த ஒரு பதிவு, புலம் அதிலுள்ள ஒரு விவரம், மெதட் அதன் செயற்கூறு. ட்ரூ என்றால் ஆம், ஃபால்ஸ் என்றால் இல்லை. அது தமிழ்ப் பெயர்களை மாறியாகவும் புலமாகவும் ஏற்கும். ஆகவே உதாரண வரிகளில் "இது" என்றால் செல்ஃப் (மெதட் ஓடுகிற ஒப்ஜெக்ட்), "மற்றது" என்றால் ஒப்பிட வந்த ஒப்ஜெக்ட். டண்டர் என்பது முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட பெயர். == எழுதினால் டண்டர் ஈக்யூ ஓடும். < க்கு எல்டி, <= க்கு எல்ஈ, > க்கு ஜிடி, >= க்கு ஜிஈ, != க்கு என்ஈ. இந்தக் குறிகளுக்கு நாங்களே பொருள் எழுதிக் கொடுப்பதைத்தான் ஒப்பரேட்டர் ஓவர்லோடிங் என்கிறார்கள்.

அறிகுறி: விவரம் எல்லாம் ஒன்று, ஆனால் == ஃபால்ஸ் சொல்கிறது

கிளாஸில் டண்டர் ஈக்யூ இல்லாவிட்டால், பைத்தன் அடிப்படை ஒப்ஜெக்டிடம் இருப்பதை எடுத்து ஓட்டும். அதற்குத் தெரிந்தது ஒரே கேள்விதான்: இரண்டும் நினைவகத்தில் இருக்கிற அதே பொருளா? ஒரே வயலில் அறுத்து, ஒரே சாக்கில் கட்டி, ஒரே எடை போட்டாலும் இரண்டு மூடை இரண்டு மூடைதானே. பைத்தன் சொல்வதும் அதுதான்.

"நான் ஈக்யூ எழுதியிருக்கிறேனே சேர்" என்பவர்கள் முதலில் அது ஓடுகிறதா என்று பாருங்கள். கிளாஸின் டண்டர் ஈக்யூவும் அடிப்படை ஒப்ஜெக்டின் டண்டர் ஈக்யூவும் ஒன்றா என்று "இஸ்" போட்டுக் கேளுங்கள். ட்ரூ வந்தால் நீங்கள் எழுதியதை யாரும் கூப்பிடவே இல்லை. நான் பார்த்த அளவில் காரணம் இரண்டு: அடிக்கோடு இரண்டுக்குப் பதில் ஒன்று, அல்லது உள்தள்ளல் தவறி மெதட் கிளாஸுக்கு வெளியே விழுந்திருப்பது. இரண்டுக்கும் பைத்தன் வாயே திறக்காது.

ஐயாவின் கதை இதைவிடக் கொஞ்சம் ஆழம். ஈக்யூ எழுதியிருந்தேன், ஓடியும் இருந்தது. அடையாள அட்டை இலக்கத்தை ஒப்பிட்டது. ஒரு பதிவில் பழைய இலக்கம்: ஒன்பது இலக்கமும் கடைசியில் வி என்ற ஆங்கில எழுத்தும் (சிலருக்கு எக்ஸ் இருக்கும்). மற்றதில் 2016 முதல் கொடுக்கிற 12 இலக்கப் புதியது. அட்டை தொலைந்து புதிது எடுத்தவர்களிடம் இரண்டும் புழங்கும். ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராகப் பார்த்தால் இரண்டும் வேறு. ஆள் ஒன்று.

இதை ஈக்யூவுக்குள் இஃப் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஒப்ஜெக்ட் பிறக்கும்போதே ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். பழையதைப் புதியதாக்குவது எளிது. முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அதற்கு முன் 19 போடுங்கள். அடுத்த மூன்று இலக்கம் பிறந்த நாளைக் குறிப்பது. அதற்குப் பின் ஒரு 0 செருகுங்கள். கடைசி எழுத்தை வெட்டுங்கள். எண்ணிப் பாருங்கள், 12 வரும். அதற்குப் பிறகு ஈக்யூ ஒரு வரிதான்:

    இது.அட்டை == மற்றது.அட்டை

பெயர், ஊர், தொலைபேசி எதுவும் அந்த வரியில் வரக்கூடாது. ஊர் மாறியவர், நம்பர் மாற்றியவர் எல்லோரும் அதே ஆள்தான். ஆனால் நெல் மூடைக்கு இதே கிளாஸை நகல் எடுத்து ஈக்யூ எழுதினால் தவறு: 60 கிலோ கீரிச்சம்பா மூடை இரண்டு, ஒரே மூடை ஆகாது. எது "அதே" என்பதைச் செய்நிரல் எழுதுகிறவன் தீர்மானிக்க முடியாது. களஞ்சியத்தில் துண்டு எழுதுகிற அக்காவிடம் கேட்கவேண்டும். நான் கேட்காமல் எழுதியதால்தான் ஐயா இரண்டு பேரானார்.

அறிகுறி: கண்ணுக்கு ஒரே எழுத்து, == ஒத்துக்கொள்ளாது

இது தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கே உரிய தலையிடி. ஊர்ப் பெயர் "கொக்கிளாய்". இரண்டு பதிவிலும் அப்படித்தான் தெரிகிறது. == ஃபால்ஸ்.

இரண்டின் நீளத்தையும் அச்சிட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட ஒன்று கூட இருந்தால் விடயம் பிடிபட்டது. "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றாக வரலாம். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். திரை இரண்டையும் ஒரே மாதிரி வரையும். எங்களிடம் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய பட்டியல் ஒன்று இருந்தது. அதை யூனிகோடுக்கு மாற்றியபோது மாற்றி கொம்பையும் காலையும் பிரித்தே வைத்துவிட்டது. புதிதாகக் கைப்பேசியில் அடித்தவை சேர்ந்த குறியோடு வந்தன. கொக்கிளாயும் கொக்குத்தொடுவாயும் பட்டியலில் இரண்டிரண்டு தரம்.

மருந்து: பைத்தனோடு வரும் யூனிகோட்டேட்டா மொடியூலின் நோர்மலைஸ் செயற்கூறு. என்எஃப்சி வடிவம் கேளுங்கள், பிரிந்தவை சேர்ந்துவிடும். இதையும் ஒப்ஜெக்ட் பிறக்கும் இடத்திலேயே செய்யுங்கள். முன்பின் வெற்றிடத்தையும் அங்கேயே வெட்டுங்கள்.

ஒன்றை மட்டும் நோர்மலைஸ் தீர்க்காது. "கௌரி" என்று ஔகாரக் குறியோடு அடிப்பதும், ஒற்றைக் கொம்பு போட்டுப் பின்னால் ளகர எழுத்தை அடித்து "கெளரி" ஆக்குவதும் யூனிகோடின் கணக்கில் உண்மையாகவே வேறு சொற்கள். அதற்கு நீங்களே விதி எழுதவேண்டும், அல்லது ஊர்ப் பெயரை அடிக்க விடாமல் பட்டியலில் தெரிவு செய்ய வைக்கவேண்டும். இரண்டாவதுதான் நிம்மதி.

அறிகுறி: ஈக்யூ எழுதினேன், செட்டில் போட்டால் "அன்ஹாஷபிள் டைப்" என்று எரர்

நேற்றுவரை செட்டில் (ஒன்றை இருமுறை வைக்காத தொகுப்பு) போக முடிந்த ஒப்ஜெக்ட், ஈக்யூ எழுதியவுடன் போகமாட்டேன் என்கிறது. பைத்தன் வேண்டுமென்றேதான் செய்கிறது. சமமான இரண்டு ஒப்ஜெக்டுக்கு ஹாஷும் (எங்கே தேடவேண்டும் என்று காட்டும் எண்) ஒன்றாக இருக்கவேண்டும் என்பது செட்டுக்கும் டிக்ஷனரிக்கும் அடிப்படை ஒப்பந்தம். சமம் என்பதை நீங்கள் மாற்றிவிட்டீர்கள், ஹாஷைத் தொடவில்லை. ஆகவே பழைய ஹாஷை அது பறித்துவிடுகிறது. டண்டர் ஹாஷ் எழுதி, ஈக்யூ பார்க்கும் அதே புலங்களை மட்டும் ஒரு டியூப்பிளாக (மாற்ற முடியாத சிறு பட்டியல்) கட்டி அதன் ஹாஷைத் திருப்புங்கள். ஈக்யூ அட்டை இலக்கம் மட்டும் பார்த்தால் ஹாஷும் அதை மட்டும் பார்க்கவேண்டும்.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு அறிகுறி உண்டு, அதுதான் கொடியது: எரர் எதுவும் இல்லை, ஆனால் செட்டில் போட்ட ஒப்ஜெக்டை "இதில் உண்டா" என்று கேட்டால் இல்லை என்கிறது. அச்சிட்டால் உள்ளே இருக்கிறது. போட்ட பிறகு ஹாஷுக்குரிய புலத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள். மூடையை ஒரு அறையில் அடுக்கிவிட்டு, இலக்கத்தை மாற்றி வேறு அறையில் தேடுவது போல. ஹாஷில் சேரும் புலம் பிறந்த பிறகு மாறக்கூடாது. பைத்தன் 3.7இல் வந்த டேட்டாகிளாஸில் (புலங்களைச் சொன்னால் வழக்கமான மெதட்களைத் தானே எழுதித் தரும் வசதி) "ஃப்ரோஸன்" என்பதை ட்ரூ ஆக்கினால் ஈக்யூவும் ஹாஷும் தானாக எழுதப்படும், புலங்களும் பூட்டப்படும். ஊர், நெல் இனம் போன்றவற்றுக்கு நான் இப்போது அதைத்தான் பாவிக்கிறேன்.

அறிகுறி: < வேலை செய்கிறது, > உம் வேலை செய்கிறது, <= மட்டும் எரர்

எல்டி மட்டும் எழுதியவர்களுக்கு இது வரும். ஜிடி எழுதாமலே > எப்படி ஓடியது? பைத்தன் முதலில் இடப்பக்கத்திடம் கேட்கும். அது "எனக்குத் தெரியாது" என்றால் வலப்பக்கத்திடம் திருப்பிக் கேட்கும். அ > ஆ என்பதும் ஆ < அ என்பதும் ஒன்றுதானே. அங்கே உங்கள் எல்டி பிடித்துக்கொண்டது. <= இன் மறுபக்கம் >=. இரண்டையும் நீங்கள் எழுதவில்லை, ஆகவே டைப்எரர். "சிறியது அல்லது சமம்" என்று தானே கூட்டிப் பார்க்க அதற்குத் தெரியாது.

சோர்ட்டுக்கு (வரிசைப்படுத்தலுக்கு) எல்டி ஒன்றே போதும். ஆறு குறியும் வேண்டும் என்றால் ஃபங்க்டூல்ஸ் மொடியூலில் டோட்டல் ஓர்டரிங் என்ற டெக்கரேட்டர் (கிளாஸின் தலையில் ஒட்டும் ஒரு வரி) இருக்கிறது. ஈக்யூவையும் நான்கில் ஒன்றையும் எழுதிக் கொடுத்தால் மற்றவற்றை நிரப்பும். கொஞ்சம் வேகம் குறையும். பத்தாயிரம் மூடை வரை நீங்கள் உணரப்போவதில்லை.

அறிகுறி: எரர் இல்லை, ஆனால் வரிசை பிழை

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஐந்து காரணம் கண்டிருக்கிறேன்.

எண் ஸ்ட்ரிங்காக இருப்பது: "100" எழுத்துக் கணக்கில் "99"க்கு முன்னால் நிற்கும். இது எல்லோருக்கும் ஒருமுறை வரும்.

அலகு கலப்பது: வயதான ஐயாமார் இப்போதும் "முப்பது புசல்" என்றுதான் சொல்வார்கள். ஒரு புசல் நெல் சுமார் 20.9 கிலோ. 30 புசல் கொண்டுவந்தவர் 400 கிலோ கொண்டுவந்தவருக்குக் கீழே போய்விட்டார், ஏனென்றால் என் எல்டி வெறும் இலக்கத்தைப் பார்த்தது. கிலோவாக்கிச் சேமியுங்கள், துண்டில் அச்சிடும்போது புசலாகக் காட்டுங்கள்.

புலத்தின் இடம் மாறுவது: டேட்டாகிளாஸில் "ஓர்டர்" ட்ரூ என்றால் புலங்களை எழுதிய வரிசையிலேயே டியூப்பிளாக ஒப்பிடும். யாரோ வடிவாக இருக்கட்டும் என்று எடையை ஈரத்துக்கு மேலே தூக்கிவைத்தால், முழுப் பட்டியலும் வேறு வரிசைக்குப் போகும். ஒரு எச்சரிக்கையும் வராது.

தமிழ் அகரவரிசை: கனகபுரமும் கரடிப்போக்கும் பட்டியலில் இருந்தால் பைத்தன் கனகபுரத்தை முன்னால் வைக்கும். யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் நெடுங்கணக்கில் அது கடைசி. ரகரம் முன்னால் வரவேண்டும். புள்ளியும் அப்படித்தான்: "மல்லாவி" "மலை"க்கு முன் வரவேண்டியது, ஆனால் புள்ளியின் குறியெண் ஐகாரக் குறியைவிடப் பெரிது, ஆகவே பின்னால் போகிறது. ஸ்ட்ரிங்கின் < இதற்கு உதவாது. ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தின் தமிழ் வரிசையைப் பாவியுங்கள், அல்லது எழுத்துக்கு ஒரு எண் கொடுத்து நீங்களே திறவுகோல் (எதை வைத்து வரிசைப்படுத்துவது என்ற மதிப்பு) கட்டுங்கள்.

ஐந்தாவதுதான் பெரியது. "நெல்தொகுதி" கிளாஸுக்கு எல்டி எழுதச் சொல்லி ஒரு பயிற்சி கொடுத்தேன். மூன்று பேர் மூன்று விதமாக எழுதி வந்தார்கள். ஒருத்தி எடை. ஒருவன் வந்த நேரம். இன்னொருவன் ஈரம், ஏனென்றால் அவனுடைய அப்பா நெல் காயப்போட்டு அலுத்தவர். பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரம் அறுவடை நாளில் போனால் ஏன் என்று தெரியும். 14 வீத ஈரத்துக்குக் கொண்டுவராமல் அரச கொள்வனவுக்குக் கொடுக்க முடியாது. மூன்று பேரும் சரி. அதனாலேயே மூன்று எல்டியும் பிழை. ஒரு தொகுதி இன்னொன்றைவிட "சிறியது" என்பதற்குத் தன்னளவில் பொருள் இல்லை. காயவைப்பவருக்கு ஈரம் கூடியது முதல், எழுதுகிற அக்காவுக்கு முதல் வந்தது முதல், மில்லுக்கு இனவாரியாக.

ஆகவே என் பழக்கம்: திகதி, எடை, பணம் போல எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரே வரிசை உள்ளவற்றுக்கு மட்டும் < எழுதுவேன். மற்றவற்றுக்குச் சோர்ட்டின் "கீ" என்ற இடத்தில் தேவையைச் சொல்வேன். காயவைக்கும் பட்டியலுக்குத் திறவுகோல் இப்படி:

    (-தொகுதி.ஈரம், தொகுதி.வந்த_நேரம்)

கழித்தல் குறி கூடிய ஈரத்தை முன்னால் கொண்டுவரும். ஈரம் ஒன்றாக இருந்தால் முதல் வந்தவர் முதல். கிளாஸுக்குள் எதையும் தொடவில்லை.

அறிகுறி: ரிகர்ஷன்எரர்

டண்டர் ஈக்யூவுக்குள் "இது == மற்றது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது மறுபடி அதே ஈக்யூவைக் கூப்பிடும். புலத்தை ஒப்பிடுங்கள், ஒப்ஜெக்டை அல்ல.

அறிகுறி: "நன்டைப்புக்கு அப்படி ஒரு புலம் இல்லை" என்று எரர்

ஒப்ஜெக்ட் == நன் என்று எங்கோ எழுதியிருக்கிறது (நன் என்பது "ஒன்றுமில்லை" என்ற பைத்தன் மதிப்பு); உங்கள் ஈக்யூ நன்னிடம் அட்டை இலக்கம் கேட்கிறது. நன்னை எப்போதும் "இஸ்" போட்டுப் பாருங்கள். ஈக்யூவிலும் முதல் வரியில் மற்றது உங்கள் கிளாஸைச் சேர்ந்ததா என்று பார்த்து, இல்லையென்றால் நொட்இம்ப்ளிமென்டட் என்ற மதிப்பைத் திருப்புங்கள்.

ஃபால்ஸைத் திருப்பினால் என்ன என்று கேட்பார்கள். இன்னொரு அறிகுறி அங்கேதான் பிறக்கிறது: அ == ஆ ட்ரூ, ஆ == அ ஃபால்ஸ். எங்கள் களஞ்சியப் பதிவு கிளாஸுக்கு மில் பதிவைத் தெரியும், ஒப்பிட்டு ட்ரூ சொன்னது. மில் பதிவு கிளாஸோ களஞ்சியத்தைக் கண்டதே இல்லை. "தெரியாது" என்று சொல்லியிருந்தால் பைத்தன் மறுபக்கத்திடம் கேட்டிருக்கும். அது ஃபால்ஸ் என்று அடித்துச் சொன்னதால் கதை முடிந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அந்த மதிப்பு. அதே சாயலில் பெயருள்ள நொட்இம்ப்ளிமென்டட்எரர் வேறு. அதை எழுப்பினால் செய்நிரல் நின்றுவிடும். நொட்இம்ப்ளிமென்டட்டை இஃப்பில் நேரே போடவும் கூடாது: 3.9இலிருந்து எச்சரித்து வந்தது, 3.14இல் எரராகவே ஆகிவிட்டது.

அறிகுறி: அவும் ஆவும் சமம், ஆவும் இயும் சமம், அவும் இயும் சமமில்லை

தராசு கொஞ்சம் ஆடும், ஆகவே அரைக் கிலோ வித்தியாசத்தைச் சமம் என்று எடு என்று ஈக்யூவில் எழுதியிருப்பீர்கள். 60.0, 60.4, 60.8 கொடுத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் உள்ளவை சமம், இரு அந்தம் சமமில்லை. இப்படியொரு ஈக்யூவுக்கு ஒழுங்கான ஹாஷ் எழுதவே முடியாது. "கிட்டத்தட்ட" என்று தனி மெதட் எழுதுங்கள். உள்ளே மாத் மொடியூலின் இஸ்குளோஸ் இருக்கட்டும். 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3க்குச் சமமில்லை என்று வரும் பழைய வில்லங்கத்துக்கும் அதே மெதட்தான். பணத்தைச் சதமாக்கி முழு எண்ணில் வையுங்கள். அங்கே கிட்டத்தட்ட என்று சொன்னால் கமக்காரர் சும்மா விடமாட்டார்.

வேறு மொழியில் எழுதுபவர்களுக்கு, சுருக்கமாக

ஜாவாவில் இந்தக் குறிகளை ஓவர்லோட் செய்ய வழியில்லை; ஒப்ஜெக்டுக்கு == எப்போதும் அதே பொருளா என்றே கேட்கும். ஈக்குவல்ஸ் எழுதுங்கள், அதன் அளபுரு ஒப்ஜெக்ட் வகையாகவே இருக்கட்டும். உங்கள் கிளாஸின் பெயரைப் போட்டால் அது வேறு மெதட் ஆகிவிடும், லிஸ்ட் அதைக் கூப்பிடாது. இன்டிஜர் ஒப்ஜெக்டில் 127 வரை == சரியாக வந்து 128இல் கவிழ்ந்தால் பயப்படவேண்டாம்: -128 முதல் 127 வரை ஒரே ஒப்ஜெக்டை எடுத்துக் கொடுப்பதால் வந்த அதிர்ஷ்டம் அது. சி ஷார்ப்பில் == எழுதினால் != உம் எழுதியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கொம்பைலே ஆகாது. சி பிளஸ் பிளஸில் சோர்ட்டுக்குக் கொடுக்கும் ஒப்பீட்டில் < க்குப் பதில் <= போட்டவர்களுக்குச் செய்நிரல் சில நாள் ஓடும், சில நாள் விழும்; சமமானவற்றுக்கு அது ஃபால்ஸ் சொல்லவேண்டும் என்பது விதி.

அறிகுறி: அதே தரவு, உள்ளே விட்ட ஒழுங்கை மாற்றினால் சோர்ட்டின் விடையும் மாறுகிறது

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது. எல்டி சரி, திறவுகோல் சரி. கடைசியில் அ == அ என்று ஒவ்வொரு தொகுதியின் ஈரத்தையும் அதனுடனேயே ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று இடத்தில் ஃபால்ஸ். ஃப்ளோட்டுகளில் (தசம எண்களில்) தனக்கே சமமில்லாத மதிப்பு ஒன்றுதான் உண்டு, "நான்" என்று உச்சரிக்கிற, "எண் அல்ல" என்ற மதிப்பு. அட்டவணைக் கோப்பில் வெறுமையாக விட்ட கட்டங்களைப் பாண்டாஸ் என்ற அட்டவணை நூலகம் அப்படித்தான் வாசிக்கும். அதற்குப் பெரியது, சிறியது, சமம் எதுவும் இல்லை. எதைக் கேட்டாலும் ஃபால்ஸ். நடுவில் அது உட்கார்ந்தால் சோர்ட் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வழியில்லாமல் தடுமாறும்.

கட்டம் ஏன் வெறுமை என்று அக்காவிடம் கேட்டேன். ஈரமானியின் பட்டரி அன்று இறங்கிவிட்டதாம். இப்போது கோப்பை வாசிக்கும்போதே இஸ்நான் போட்டு அவற்றைப் பிரித்தெடுத்து, "ஈரம் பார்க்கவில்லை" என்று தனிப் பட்டியலாக அச்சிடுகிறேன். அக்கா அதைக் கையில் எடுத்துக்கொண்டு மூடைப் பக்கம் போவா.